முருகேசன் வீட்டுக் கல்விக் கடனும் என் மூன்று பக்கக் கடிதமும்

எதிர்வீட்டு முருகேசன் அன்று ஒரே காலையில் இரண்டு சட்டை மாற்றினார். ஒன்பது மணிக்கு, காலர் நைந்து பாக்கெட் ஓரத்தில் கிரீஸ் படிந்த ஒரு சட்டையில் மொபெட்டை உதைத்துக் கிளம்பினார். பத்தரை மணிக்குத் திரும்பி வந்து அதைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு மறுபடி கிளம்பினார். வாசலில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்த எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏனுங்க முருகேசு, கல்யாண வீடுங்களா?”

“அட நீங்க வேறங்க்கா. காலையில வி.ஏ.ஓ. ஆபீசு. இப்ப பேங்க்கு.”

“அதுக்கு ரெண்டு சட்டையா?”

“பின்ன? அங்க இல்லாதவனாட்டப் போகோணும். இங்க இருக்கறவனாட்டப் போகோணும். மாத்திப் போட்டுட்டுப் போனா ரெண்டு எடத்துலயும் வேல ஆகாதுங்க்கா.”

நான் சிரித்தேன். சிரித்ததற்கான விலையை அந்த வாரக் கடைசிக்குள் கட்டினேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருந்துகொண்டு, ‘ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போய் நாலு பேருக்கு உபயோகமாக இருக்கலாம்’ என்று திட்டம் போடும் நண்பர்கள் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புதுச்சத்திரத்தில் பிறந்து, சேலத்தில் படித்து, கல்யாணமாகி ஒஹையோ மாநிலத்துக்குப் போய், அங்கே ஒரு சிறிய அரசுக் கல்லூரியின் பைனான்சியல் எய்டு ஆபீசில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். பிள்ளையைப் படிக்கவைக்க ஒரு குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கண்டுபிடித்து, முடியாத பாக்கிக்கு உதவித்தொகை, கடன், வளாகத்திலேயே வேலை என்று பிரித்துக் கொடுப்பது என் தொழில். எந்தப் பாரத்தில் எந்த வரியில் ஜனங்கள் தடுக்கி விழுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, இரண்டு வருடம் முன் பிறந்த வீட்டுக்கே திரும்பினேன். தொழில் என்னை விட்டுப் போகவில்லை. கேஸ் சிலிண்டர் ரசீதைக்கூட நகல் எடுத்துக் கோப்பில் வைக்கிறேன். ஊரில் என்னை ‘அமெரிக்காக்கா’ என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

முருகேசனின் மகள் கோகிலாவுக்குக் கவுன்சலிங்கில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் போகும் முதல் ஆள் அவள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. வருமானச் சான்றிதழ் இருந்தால் கடன் வட்டியில் சலுகை உண்டு. இரண்டுக்கும் வழி வி.ஏ.ஓ. ஆபீஸ். மிச்சப் பணத்துக்கும் விடுதிக்கும் வங்கியில் கல்விக் கடன். அந்த வெள்ளிக்கிழமைக்குள் வங்கியின் அனுமதிக் கடிதத்தைக் கல்லூரியில் காட்டாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். முருகேசன் கோழிப்பண்ணைக்குத் தீவனம் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அதற்கு முன் சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தார். தவணை கட்ட முடியாமல் பைனான்ஸ்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி செல்வி அதே பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். இவ்வளவுதான் குடும்பம்.

முதல் நாள் வெள்ளைச் சட்டை வேலை செய்யவில்லை. மேனேஜர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்று மதியம் செல்வி பாரங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “நீங்க இதுலயே ஊறினவிங்க. கொஞ்சம் பாருங்க்கா.” எனக்கு அப்போது உண்டான சந்தோஷத்தை விவரிக்க வெட்கமாக இருக்கிறது. இரண்டு வருடமாகக் கேஸ் ரசீதைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நிஜமான கோப்பு.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். ஒஹையோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லின்டா என்ற அம்மாள் மகனுக்காக வந்தார். கணவருக்கு வேலை போய்விட்டது, வீட்டுக் கடன் கட்ட முடியவில்லை, காரை விற்றாகிவிட்டது என்று, மளிகைச் சாமான் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். வெளியே வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்த அம்மாளின் மானத்தைக் காப்பாற்ற நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “என் மகனுக்கு இல்லை என்று சொல்லப் போகிறீர்களா?” என்றார். அந்த ஆபீசில் கெட்ட செய்தி சொல்வதற்குத்தான் கதவைச் சாத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அப்புறம் அவர் தன் கஷ்டங்களை ஒரு கடிதமாக எழுதி, ஆதாரங்களை இணைத்துக் கொடுத்தார். ஸ்பெஷல் சர்கம்ஸ்டன்ஸஸ் லெட்டர் என்பார்கள். அதன் பேரில் அந்தப் பையனுக்கு உதவித்தொகை இரட்டிப்பானது. அன்றிலிருந்து கதவைத் திறந்து வைக்கக் கற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருடத்தில் அது துருப்பிடித்து, சாத்தவே வராமல் போய்விட்டது.

ஆகவே முருகேசனிடம் சொன்னேன்: “ஒரு இடத்துல ஒண்ணு, இன்னொரு இடத்துல ஒண்ணுன்னு நடிக்கக் கூடாது முருகேசு. இருக்கறதை இருக்கறபடி எழுதிடுவோம். உங்க கஷ்டம் தெரிஞ்சாத்தானே உதவி பண்ணுவாங்க?”

“பேங்க்குலங்களா?” என்றார்.

“எங்கயும்தான்.”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பும் ஜனங்களின் முன்னால் ஒருவர் எவ்வளவு தைரியமாகத் தப்பு செய்யலாம் என்பதற்கு அளவே இல்லை.

மூன்று பக்கம் தட்டச்சு செய்தேன். உபதலைப்புகள் போட்டேன். லாரி வாங்கியது, டீசல் விலை, தவணை தவறியது, லாரி போனது, செல்விக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், கூரை ஓடு மாற்றியது. எதையும் விடவில்லை. ஆதாரம் இல்லாத சோகத்துக்கு மதிப்பில்லை என்பது என் தொழில் அனுபவம். பைனான்ஸ்காரர்கள் அனுப்பிய நோட்டீஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். முருகேசன் பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்து கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத முகத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சேலத்தில் எனக்கு விடுதிக் கட்டணச் சலுகை கேட்க, சவ்வரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்த என் அப்பா பாரம் வாங்கினார். ‘ஏழ்மை நிலையில் உள்ளதால்’ என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “வா போலாம்” என்றார். மறு வாரம் விடுதிக் கட்டணம் முழுதாகக் கட்டியாகிவிட்டது, வீட்டில் இரண்டு எருமைகள் இல்லை. அவருடைய பெண்தான் நான். ஆனால் நோட்டீஸை வாங்கி, ‘இணைப்பு-4’ என்று பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் நானே முருகேசனோடு வங்கிக்குப் போனேன். ஒரே சட்டையில், கறையும் இல்லாமல் மடிப்பும் இல்லாமல் வரச் சொல்லியிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கடிதத்தை வாங்கி அப்படியே தட்டில் போடப் போனாள். விடுவேனா? ஒப்புகை இல்லாமல் எந்தக் காகிதத்தையும் கைவிடக் கூடாது. முத்திரை வைத்து, உள்வரவு எண் போட்டு, என் நகலில் கையொப்பம் வாங்கிய பிறகுதான் நகர்ந்தேன். முருகேசன் என்னை ஒரு வக்கீலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அரை மணி கழித்து மேனேஜர் கூப்பிட்டார். ஆத்தூர்க்காரர், முப்பது வயதுகூட இருக்காது. கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இதை யார் எழுதினது?”

“நான்தான்” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க மேடம்.” கடிதத்தை மேஜைமேல் வைத்து நோட்டீஸ் நகலை விரலால் தட்டினார். “இந்த பைனான்ஸ்காரங்க லோக்கல் பார்ட்டி. அவங்க எதையும் சிஸ்டத்துல ஏத்தறதில்ல. நேத்து சாரோட கிரெடிட் ஸ்கோர் பார்த்தேன். சுமாரா இருந்துச்சு. எப்படியாவது பண்ணிடலாம்னு வச்சிருந்தேன். இப்ப நீங்க தவணை கட்டலன்னு ஆதாரத்தோட எழுதிக் குடுத்துட்டீங்களே?”

“உண்மையை மறைக்கணும்ங்கிறீங்களா?”

“நான் கேக்கலையே மேடம். பாரத்துல அப்படி ஒரு கேள்வியே இல்ல.”

நான் பாரத்தைப் பார்த்தேன். உண்மைதான். பேங்க் கடன் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தது. பாரத்தில் கேட்காத கேள்விக்குப் பதில் எழுதாதே என்று வேலைக்குச் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முப்பத்தொரு வருடம் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“சரி, கடிதத்தை வாபஸ் வாங்கிக்கறோம்.”

“இன்வர்ட் நம்பர் போட்டாச்சே மேடம்.” அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். “நீங்கதான் நின்னு போட வச்சதா சொன்னாங்க.”

முருகேசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் நான் நிறுத்தவில்லை. “நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன்” என்றேன். டாலரில் வரும் பென்ஷன், இதே கிளையில் இருக்கும் என் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் பொறுமையாக என் பான் எண்ணைத் தட்டினார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்குத் தெரியும்படி திருப்பினார். எல்லோருக்கும் மூன்று இலக்கத்தில் வரும் மதிப்பெண் எனக்கு மைனஸ் ஒன்று என்று இருந்தது.

“கெட்ட ஸ்கோர் இல்ல மேடம். இங்க உங்களுக்கு ஹிஸ்டரியே இல்லன்னு அர்த்தம். அதுவுமில்லாம நீங்க வெளிநாட்டுக் குடிமகள்.”

பிறந்த ஊருக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஏ.சி. அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஜீரோ என்றிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முருகேசன் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரும்பினார். வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்தி, “உடுங்க்கா. நீங்க நல்லதுக்குத்தான பண்ணீங்க” என்றார். திட்டியிருக்கலாம். கோகிலா அதைவிட மோசமாகச் செய்தாள். கையில் தண்ணீர்ச் சொம்போடு வந்து, “இது இல்லீன்னாலும் பரவால்ல பெரியம்மா. நாமக்கல்லயே ஏதாச்சும் டிகிரியில சேந்துக்கறேன். பஸ்ஸுலயே போய்ட்டு வந்தர்லாம்” என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது. அவள் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டி, பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல், அவளுக்குப் பின்னால் சுவரோரம் நின்றது.

திட்டுவதற்கு ஆள் சாயங்காலம் வந்தது. பண்ணையிலிருந்து திரும்பிய செல்வி, முகம்கூடக் கழுவாமல் நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“ஏனுங்க்கா, பொண்ணு பாக்க வாரவிங்ககிட்ட மொதக் காப்பியிலயே அவளுக்குப் பல்லு வலி, மூட்டு வலின்னு சொல்லுவீங்களா? அமெரிக்காவுல அப்படித்தான் பண்ணுவாங்களா?”

“தப்புதான் செல்வி.”

“தப்புன்னு நானும்தான் சொல்றேன். அதென்ன எழுதுனீங்க, படிங்க கேப்போம்.”

நகலை எடுத்துப் படித்தேன். முதல் பக்கம் முழுவதும் முருகேசன். இரண்டாம் பக்கத்தில் லாரி. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், “இதுல நான் எங்கீங்க்கா இருக்கறேன்?” என்றாள்.

நான் பக்கத்தைப் புரட்டினேன். இருந்தாள். மூன்றாம் பக்கத்தில், ‘குடும்பத்தின் எதிர்பாராத செலவுகள்’ என்ற உபதலைப்பின் கீழ், ஆபரேஷன் என்ற வரியில்.

“அப்ப நான் செலவுங்களா?”

அவள் கத்தவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“பதினாறு வருசமா முட்டை பொறுக்கறேன். என்ற கணக்குலதான் சம்பளம் உழுகுது. மகளிர் குழுவுல அஞ்சு தடவ கடன் எடுத்திருக்கறேன். கறவ மாட்டுக்கு, கொட்டாய் போட, இவ பள்ளிக்கூடத்துக்கு, லாரிக்கு ஒருக்கா, ஆபரேசனுக்கு ஒருக்கா. ஒரு வாரம் தப்பினதில்லைங்க்கா. செவ்வாக்கெழமையானா காச்சலானாலும் போய்க் கட்டிருவேன். இல்லீன்னா மத்தவளுக கட்டோணுமில்ல? அதொண்ணும் பேங்க்குல சொல்லற மாதிரி இல்லீங்களா?”

ஒஹையோவில் தாயின் வருமானத்தைக் கேட்காமல் நான் ஒரு பாரத்தையும் அடுத்த மேஜைக்கு நகர்த்தியதில்லை. அப்பா பெயரை மட்டும் எழுதிக் கொண்டுவரும் குடும்பங்களை, அவை சீனக் குடும்பமோ குஜராத்திக் குடும்பமோ, ‘இது இருபத்தோராம் நூற்றாண்டு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இணைக் கடன்தாரர் ‘தந்தை அல்லது தாய்’ என்றுதான் இந்த வங்கிப் பாரத்திலும் இருந்தது. புதுச்சத்திரத்து மேஜையில் அந்தப் பாரத்தை விரித்ததும், என் கை ஒரு நொடிகூட யோசிக்காமல் ‘தாய்’ என்பதை அடித்துவிட்டு முருகேசன் பெயரை எழுதியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழக்கம் ஒன்று, ஊரை விட்டுப் போகும்போது கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பழக்கம் ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு பிள்ளையின் படிப்பில் கல்லைப் போட்டிருக்கிறேன்.

“நாளைக்குக் காலையில நீங்க என்கூட வரோணும் செல்வி” என்றேன்.

“நான் எதுக்கு உங்ககூட வாரேன்? நீங்க வேணா என்ற கூட வாங்க.”

வியாழக்கிழமை காலை பத்து மணி. செல்வி பண்ணைக்குப் போகும் வழியிலேயே வங்கிக்குள் நுழைந்தாள். வேலைக்குக் கட்டும் வாயில் புடவைமேல் முருகேசனின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் டிபன் தூக்கு, கோழித் தீவன வாசனை. குழு நோட்டு ஐந்தையும் மேஜைமேல் அடுக்கினாள். நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று வாசலிலேயே உத்தரவாகியிருந்தது. மேனேஜர் அவளுடைய எண்ணைத் தட்டினார். குழுக் கடனெல்லாம் ஒவ்வொருத்தர் பெயரிலும் தனித்தனியாகப் பதிவாகிறதாம். திரையைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“என்னங்க, வருதுங்களா?” என்றாள் செல்வி.

“அம்மா, எனக்கே இவ்வளவு இல்லம்மா.”

“உங்களுக்குச் செவ்வாக்கெழமை யாரும் வந்து நிக்கறதில்ல போலிருக்குதுங்க.”

அவர் சிரித்தார். பழைய விண்ணப்பத்தை விலக்கிக்கொள்வதாக முருகேசனிடம் ஒரு வரி எழுதி வாங்கச் சொல்லி, தாயை இணைக் கடன்தாரராகப் போட்டுப் புது விண்ணப்பம் எடுத்தார். என் கடிதம் அந்தப் பழைய விண்ணப்பத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, உள்வரவு எண்ணோடும் என் உபதலைப்புகளோடும் அலமாரிக்குப் போனது. மாலைக்குள் அனுமதிக் கடிதம் தயாராகிவிடும், வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோகிலா கிளம்பலாம் என்றார். செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைப்பதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. குடும்பத்தை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் விவரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மேனேஜர் யாரைப் போடலாம் என்று கேட்டார்.

“இதா, அக்காதான். எங்களப் பத்தி மூணு பக்கம் எழுதினவிங்க. இவிங்களுக்குத் தெரியாததா?”

நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி என்று இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் புதுச்சத்திரம் என்று எழுதத் தொடங்கியபோது மேனேஜர் குனிந்து பார்த்தார். “மேடம், இங்க உங்க கணக்கு எந்த அட்ரஸ்ல இருக்கோ அதான் நிரந்தரத்துல வரணும். இல்லன்னா மேலிடத்துல திருப்பிடுவாங்க.” என் கணக்கு ஒஹையோ முகவரியில் இருக்கிறது. அதுவும் நான் வாழ்ந்த வீடு அல்ல. அதை விற்றாகிவிட்டது. என் மகனின் அடுக்ககம். அங்கே போகும்போது கூடத்து சோபாவை இழுத்துக் கட்டிலாக்கி எனக்குப் போட்டுத் தருவான். காலையில் குழந்தைகள் எழுவதற்குள் நானே மடித்துவைத்துவிடுவேன். புதுச்சத்திரத்தை அடித்துவிட்டு, அந்த சோபாவின் முகவரியை நிரந்தரத்தில் எழுதினேன். என் தொப்புள்கொடி விழுந்த வீட்டின் கதவு எண்ணைத் தற்போதைய முகவரியில் எழுதினேன்.

செல்வி தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். “அப்ப நீங்க திரும்பப் போயிருவீங்களாக்கா?”

“இது பாரத்துக்கு” என்றேன்.

“இருக்கறத இருக்கறபடி எழுதோணும்னீங்க அன்னிக்கு” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முட்டை வண்டி வந்துவிடும் என்று தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மேனேஜர் கையெழுத்து இடத்தைக் காட்டினார். அதற்கு மேலே, பொடி எழுத்தில் ஒரு வரியும் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரமும் இருந்தன. ‘இரண்டு முகவரிகளும் ஒன்றே எனில் இங்கே குறியிடவும்.’ கண்ணாடி வழியாகச் செல்வி நெடுஞ்சாலையைக் கடப்பது தெரிந்தது. பேனா முனையை அந்தச் சதுரத்துக்குமேல் வைத்தபடி, லாரிகள் விலகி அவள் மறுபக்கம் போய்ச் சேரும்வரை உட்கார்ந்திருந்தேன்.